தங்கைச் சாவி

ஒரு வீட்டில் ஒரு பூட்டுக்கு இரண்டு சாவிகள் இருந்தன. ஒரே நாளில் பிறந்தவை. பல்வரிசை கூட ஒன்றுதான். ஆனால் அக்காச் சாவிக்குத்தான் ஊர் தெரியும். தினமும் தங்கமணியின் கைப்பையில் ஏறி அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி லேப் வரைக்கும் போகும், சாயங்காலம் திரும்பி வந்து கதவைத் திறக்கும். தங்கைச் சாவியோ கூடத்துச் சுவரில் ஓர் ஆணியில் தொங்கியது. ஒன்பது வருஷமாக அதே தொங்கல்.

"உனக்கென்ன குறை?" என்று ஆணி அடிக்கடி கேட்கும். "வெயில் உண்டா, மழை உண்டா? தொலைந்து போகிற பயம் உண்டா? உன்னை ஒரு நாளாவது நான் கீழே போட்டிருக்கிறேனா?"

"இல்லைதான். ஆனால் நான் இதுவரை எதையுமே திறந்ததில்லையே."

"அதற்குத்தான் உன் அக்கா இருக்கிறாளே!"

ஆணி பொல்லாதது என்று நினைத்துவிட வேண்டாம். அதற்குத் தங்கைச் சாவி மேல் அத்தனை பாசம். பாசம் முற்றினால் பிடியை விடத் தெரியாது, அவ்வளவுதான்.

அந்த வீட்டில் இருந்தது இரண்டே பேர், தங்கமணியும் அவள் மகள் மௌனிகாவும். பேர்தான் மௌனிகா, வாய் ஓயாது. பிறந்ததிலிருந்து கால்கள் நடக்க ஒத்துழைக்கவில்லை. அதனாலென்ன, அவளுடைய சக்கர நாற்காலியும் அவளைப் போலவே ஓரிடத்தில் நிற்காது. காலையில் பள்ளி வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். தங்கமணி வேலை முடிந்து வந்த பிறகுதான் கொண்டுவந்து விடும். அம்மா இல்லாத வீட்டை மௌனிகா பார்த்ததே கிடையாது.

பதினெட்டு வயதில் பள்ளி முடிந்தது. கடைசி வருஷம் பாடத்தோடு பாடமாக, தனியாக ஆட்டோ பேசுவது, டாக்டரிடம் தன் உடம்பைப் பற்றித் தானே சொல்வது, குக்கர் வைப்பது எல்லாம் அங்கே பழக்கியிருந்தார்கள். மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றின் பட்டறையில், லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்தும் பயிற்சிக்கு இடமும் பேசி வைத்திருந்தார்கள். பத்து மணியிலிருந்து நாலு மணி வரை. திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்குப் போய்விடும்.

தங்கமணி வீடு வருவதோ ஆறரை மணிக்கு.

"நாலு மணிக்கு வந்து ரெண்டரை மணி நேரம் வாசல்லயே உக்காந்திருப்பியா கண்ணு? பேசாம நான் வேலைய வுட்டுடறேன்" என்றாள் தங்கமணி.

"நான் வேலைக்குப் போறதுக்கு நீ வேலைய வுடுவியா? நல்லா இருக்குதே ஞாயம்! அந்த ஆணியில ஒரு சாவி சும்மாதானம்மா தொங்குது?"

தங்கமணி ஆணியைப் பார்த்தாள். ஆணி தங்கமணியைப் பார்த்தது. இரண்டு பேருக்கும் பிடியை விட மனசில்லை.

"சரி, ஞாயித்துக்கெழம தொறந்து காட்டு. தொறந்துட்டா பட்டறைக்குப் போ."

ஞாயிற்றுக்கிழமை காலையில் தங்கைச் சாவி கீழே இறங்கியது. "பத்திரம்! வாசலில் சாக்கடை இருக்கிறது!" என்று ஆணி கத்தியது யார் காதிலும் விழவில்லை.

வெளியே வந்து கதவைச் சாத்திப் பூட்டினார்கள். மௌனிகா சாவியை நுழைத்தாள், திருப்பினாள். திரும்பவில்லை. மறுபடி திருப்பினாள். பூட்டு கம்மென்று இருந்தது.

"சும்மா திருப்பு கண்ணு, அவ்வளவுதான்." தங்கமணி அதே சாவியை வாங்கித் திருப்பினாள். ஒரு நொடியில் திறந்துகொண்டது.

மௌனிகா பத்துத் தடவை முயன்றாள். உள்ளங்கை சிவந்ததுதான் மிச்சம்.

தங்கைச் சாவிக்கு அழுகை வந்தது. "அக்கா, நீ எப்படித்தான் திறக்கிறாய்?"

"அதில் என்ன இருக்கிறது? திரும்புவேன், திறக்கும்" என்றது அக்காச் சாவி கைப்பைக்குள்ளிருந்து. உண்மையிலேயே அதற்கு வேறெதுவும் தெரியாது.

தங்கமணி மகளின் தோளில் கை வைத்தாள். "போதும் சாமி. எல்லாத்துக்கும் நான் இருக்கறேன்ல?"

அன்பாகத்தான் சொன்னாள். ஆனாலும் மௌனிகா சிவந்த கையைத் தேய்த்துக்கொண்டு கதவையே முறைத்தாள்.

பூட்டுக்கே பொறுக்கவில்லை. "என்னை ஏன் யாருமே கேட்பதில்லை?" என்று முணுமுணுத்தது. "மழையில் ஊறி ஊறிக் கதவு தொய்ந்து கிடக்கிறது. கீழே ஓர் இடி இடித்தால்தான் என் நாக்கு உள்ளே போகும். வெறும் சாவி என்ன செய்யும், பாவம்!"

மனிதர்களுக்குப் பூட்டின் பேச்சு கேட்காது. ஆனால் மௌனிகாவுக்கு ஒரு வசதி இருந்தது. நிற்கிறவர்கள் கதவு திறப்பதைப் பார்த்தால் கையைத்தான் பார்ப்பார்கள். உட்கார்ந்திருக்கிறவளுக்கு எதிரே தெரிவது வேறு.

"அம்மா, இன்னொருக்கா தொற. மெதுவா."

தங்கமணி திறந்தாள்.

"முட்டி!" என்று மௌனிகா கூவினாள். "நீ முட்டியில இடிக்கறம்மா!"

"நானா? போடி! நான் எங்கடி இடிச்சேன்?"

"இன்னொருக்கா தொற, பாக்கலாம்."

தங்கமணி சாவியைத் திருப்பினாள். அவளைக் கேட்காமலேயே வலது முட்டி போய்க் கதவின் அடியில் இடித்தது. அவள் தன் முட்டியை யாரோ ஒருவருடையதைப் போலக் குனிந்து பார்த்தாள். ஒன்பது வருஷமாக இடித்திருக்கிறாள், அவளுக்கே தெரியாமல்!

இருவரும் சிரித்தார்கள். சட்டென்று தங்கமணியின் முகம் வாடியது. "ஆனா கண்ணு, உனக்கு முட்டி…"

"முட்டி எதற்கு? நான் எதற்கு இருக்கிறேன்?" என்று துள்ளியது சக்கர நாற்காலியின் கால்மிதி. இத்தனை வருஷமும் சுவரில் இடித்ததற்கும் கதவில் இடித்ததற்கும் திட்டு வாங்கியே பழகியது அது. இன்றைக்குத்தான் இடிப்பதற்கே ஆள் தேடுகிறார்கள்!

மௌனிகாவுக்கும் அதே யோசனைதான். கதவைப் பூட்டச் சொன்னாள். சக்கரத்தை இரண்டு சாண் பின்னால் உருட்டினாள், சட்டென்று முன்னால் விட்டாள். கால்மிதி கதவின் அடியில் 'டொக்' என்று இடித்தது. எட்டிச் சாவியைத் திருப்பினாள்.

'களுக்.'

"திறந்துவிட்டேன்! நான் திறந்துவிட்டேன்!" என்று தங்கைச் சாவி ஆடிய ஆட்டத்தில் பூட்டுக்கே கிச்சுக்கிச்சு மூட்டியது போலிருந்தது.

அன்றைக்கு அந்தக் கதவு எத்தனை தடவை பூட்டித் திறக்கப்பட்டது என்று தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர் ரிப்பேர் நடக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை தங்கமணிக்கு லேபில் கை ஓடவில்லை. ஆறரை மணிக்கு ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தாள். உள்ளே விளக்கு எரிந்தது, குக்கர் விசிலடித்தது. கைப்பைக்குள் கை விட்டாள். அக்காச் சாவி தயாராக நிமிர்ந்தது. தங்கமணி என்ன நினைத்தாளோ, கையை வெளியே எடுத்து, தன் வீட்டுக் காலிங்பெல்லைத் தானே அழுத்தினாள்.

"யாரு?" என்று குரல் வந்தது.

"நான்தான் கண்ணு."

"நான்தான்னா யாரு? பேரச் சொல்லுங்க. பேரச் சொல்லாதவங்களுக்குத் தொறக்க மாட்டோம்."

"மௌனிகாவோட அம்மாங்க" என்றாள் தங்கமணி. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது.

மறுநாள் காலையில் ஆணி கண் விழித்தபோது தன் மேல் ஏதோ கனத்தது. தங்கைதான் திரும்பி வந்துவிட்டாள் என்று ஆசையோடு பார்த்தது. தொங்கியது அக்காச் சாவி.

"நீயா? அம்மா வேலைக்குப் போய்விட்டாளே! உன்னை மறந்துவிட்டாளா?"

"மறக்கவில்லை. அவளேதான் மாட்டிவிட்டுப் போனாள்" என்றது அக்காச் சாவி. "கதவைத் திறக்க வீட்டில் ஆள் இருக்கிறதாம்."