மேனேஜர் முணுமுணுத்தது

பார்சல் வண்டி டிரைவர் மாடக்கண்ணு காதுமிஷின் போட்டிருப்பார். ஐந்தடி தூரத்தில் கிசுகிசுப்பது கேட்டால் டிரைவராக இருக்கலாம் என்பது கம்பெனி விதி. புது மேனேஜர் தணிகாசலத்துக்கு அது போதவில்லை.

"வண்டியப் பார்த்துத் திரும்பி நில்லு. நான் ஷெட்டோட அந்தக் கோடியில நின்னு கிசுகிசுப்பேன். அப்படியே திருப்பிச் சொன்னா வேலை, இல்லேன்னா வீடு."

லோடுமேன்கள் மூட்டைகளைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். பாம்புச் செவிக்கே கேட்காத தூரமாச்சே!

மேனேஜர் கோடிக்குப் போய்க் கிளார்க்கிடம் ஏதோ முணுமுணுத்தார். "என்ன சொன்னேன்?" என்று கத்தினார்.

மாடக்கண்ணு திரும்பாமலே உரக்கச் சொன்னார்: "இவன் என்ன சொன்னாலும் தப்புன்னு எழுது. வண்டி என் மச்சினனுக்கு."

லோடுமேன்கள் எல்லாரும் மேனேஜர் பக்கம் திரும்பினார்கள்.

"தப்பு!" என்று அலறினார் மேனேஜர்.

"அப்ப நீங்க சொன்னது என்னன்னு கிளார்க் சாரே சத்தமாச் சொல்லட்டும்."

கிளார்க் கூட்டத்தைப் பார்த்தார். நோட்டில் 'பாஸ்' என்று எழுதினார்.

"எப்படிண்ணே கேட்டுச்சு?" என்று லோடுமேன்கள் மொய்த்தார்கள்.

"எங்கடே கேட்டுச்சு? மிஷின் வாங்குறவரைக்கும் வாயசைவைப் பார்த்துத்தான காலம் தள்ளினேன். முதுகுக்குப் பின்னால பேசுறவரு, என்னை வண்டியோட சைடு கண்ணாடி முன்னாலயா நிறுத்துவாரு?"