யானைப் பெட்டியும் ஆள்காட்டிக் குருவியும்

காரைக்காட்டில் செவந்தி என்றொரு ஆள்காட்டிக் குருவி இருந்தாள். யாரையும் எளிதில் நம்ப மாட்டாள். புல் அசைந்தால் ஏன் அசைகிறது என்று கேட்பாள். அசையாவிட்டால் ஏன் அசையவில்லை என்று கேட்பாள். அவளைச் சொல்லியும் குற்றமில்லை. வெறுந்தரையில், கூழாங்கற்களுக்கு நடுவே முட்டையிடுகிற இனம் அது. சந்தேகப்படாமல் இருந்தால் பிழைக்க முடியாது.

அப்போது காட்டில் எல்லாரிடமும் கணினிப் பெட்டி இருந்தது. எங்கே தண்ணீர், எந்த மரம் பழுத்திருக்கிறது, பிள்ளைகள் எங்கே மேய்கிறார்கள் என்று எல்லாவற்றையும் அதில்தான் குறித்து வைப்பார்கள். சொந்தக்காரர்களுக்குச் சேதி அனுப்புவதும் அதில்தான். பெட்டிக்குள் இருந்து அதை ஓட வைப்பதற்கு இயங்குதளம் என்று பெயர். அது இல்லையென்றால் பெட்டி வெறும் தகரம்.

காட்டில் மூன்று இயங்குதளங்கள் இருந்தன. யானைகள் செய்தது ‘களிறு’. மயில்கள் செய்தது ‘தோகை’. எறும்புகள் செய்தது ‘வளை’. இவற்றில் எது உசத்தி என்று சாயங்காலமானால் வட்டக்குட்டைக் கரையில் ஒரே சண்டைதான்.

“களிறுதான்!” என்று கரடி தொடையைத் தட்டும். “காட்டில் முக்கால்வாசிப் பேர் அதைத்தான் வைத்திருக்கிறார்கள். எல்லாரும் முட்டாளா?”

“அதைப் பார்த்தாலே கண் வலிக்கிறது!” என்று மயில் கழுத்தை வெட்டும். “தோகையைப் பாருங்கள். என்ன வழவழப்பு! என்ன நிறம்!”

“நிறமெல்லாம் சரி. நீங்கள் அனுமதித்த பழத்தைத் தவிர வேறு பழத்தைப் பற்றி அதில் எழுதவே முடியவில்லையே!” என்று மான் கேட்கும்.

கட்டெறும்பு ஒரு கல்லின் மேல் ஏறி நிற்கும். “வளை எல்லாருக்கும் சொந்தம்! திறந்து பார்க்கலாம். பிடிக்கவில்லையென்றால் மாற்றிக்கொள்ளலாம்!”

“ஒரு படம் பார்ப்பதற்குப் பத்து வரி எழுத வேண்டுமாம். யாருக்கப்பா பொறுமை இருக்கிறது?” என்று கரடி சொல்லும். எல்லாரும் சிரிப்பார்கள். பத்து வரியா ஆறு வரியா என்று எறும்புகள் தங்களுக்குள்ளேயே அடித்துக்கொள்ளும்.

செவந்தி தள்ளி நின்று கேட்பாள். “மூன்று பேரும் எதையோ மறைக்கிறார்கள்” என்று கணவன் சுடலையிடம் சொல்வாள்.

“உனக்கு மழை பெய்தாலும் சந்தேகம்தான்” என்பான் சுடலை.

அவர்களிடம் இருந்தது வளை ஓடுகிற பழைய பெட்டி. ஒருநாள் திடீரென்று அதற்குச் சேதி வருவது நின்றுபோனது. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற அக்காளிடமிருந்து ஒன்றுமில்லை. தம்பியிடமிருந்தும் ஒன்றுமில்லை. என்னவோ ஏதோ என்று செவந்தி பதறிக்கொண்டிருந்தபோது மைனா வந்தது. மைனா யானைகளிடம் வேலை பார்த்தது. பெட்டி கொடுப்பதும் பேசி மயக்குவதும்தான் அதன் வேலை.

“அக்கா! உங்கள் சொந்தக்காரர்கள் எல்லாரும் களிறுக்கு மாறிவிட்டார்கள். இனிமேல் களிறு எழுதுவது களிறுக்கு மட்டும்தான் புரியும். பெரியநாச்சி அம்மா உங்களுக்கும் ஒரு பெட்டி கொடுத்தனுப்பினார்கள். இனாம்!”

பெரியநாச்சி யானைக்கூட்டத்தின் தலைவி. அவள் எதையும் இனாமாகக் கொடுத்துச் செவந்தி பார்த்ததில்லை.

“பின்பக்கம் என்ன பூட்டு?”

“பாதுகாப்புக்கு அக்கா.”

“யாரிடமிருந்து?”

“உங்களிடமிருந்துதான்! தெரியாமல் எதையாவது கலைத்துவிடுவீர்கள் இல்லையா?”

பெட்டியின் முகப்பில் நீளமாக ஏதோ எழுதியிருந்தது. கீழே ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று ஒரு பொத்தான். செவந்தி முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினாள். மைனா கொட்டாவி விட்டது.

“இதைப் படித்து முடிப்பதற்குள் நீங்கள் முட்டையிட்டுக் குஞ்சே பொரித்துவிடலாம். அமுக்குங்கள் அக்கா, எல்லாரும் அமுக்கியாகிவிட்டது!”

செவந்திக்கு மனமே இல்லை. ஆனால் அக்காளின் குரலைக் கேட்டு எத்தனை காலமாகிறது! கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினாள்.

கோடை வந்தது. குட்டைகள் ஒவ்வொன்றாக வற்றின. செவந்தி கரட்டுப்பாறைக்குப் பக்கத்தில் நான்கு முட்டைகள் இட்டாள். அதிர்ஷ்டம், அந்தப் பாறையின் அடியில் ஒரு சின்ன ஊற்று கசிந்துகொண்டிருந்தது. குருவிகள் தாகம் தீர்ப்பதற்கு அது போதும். யாரிடமும் அவள் வாய் திறக்கவில்லை. இரை தேடப் போயிருந்த சுடலைக்குத் தெரியட்டும் என்று பெட்டியில் மட்டும் குறித்து வைத்தாள். ‘கரட்டுப்பாறை அடியில் ஊற்று.’

மறுநாள் விடியற்காலையில் தரை அதிர்ந்தது.

யானைகள்! நேராகப் பாறையை நோக்கி வந்தன. செவந்தி கத்தினாள். சிறகு ஒடிந்தவள்போல் தரையில் விழுந்து புரண்டு, அவற்றை வேறு பக்கம் இழுக்கப் பார்த்தாள். நரியாக இருந்தால் பின்னாலேயே வந்திருக்கும். யானைகள் அவளைக் கண்டுகொள்ளவே இல்லை. துதிக்கையால் மண்ணைத் தோண்டின. ஊற்று சேறானது. ஒரு கால் நகர்ந்தது. ஒரு முட்டை நசுங்கியது.

“அடடா, இங்கே குருவிக்கூடு இருந்ததா? கவனிக்கவில்லையே தாயி” என்றாள் பெரியநாச்சி. குரலில் வருத்தம்கூட இருந்தது.

“இங்கே தண்ணீர் இருக்கிறதென்று உங்களுக்கு யார் சொன்னது?”

“யார் சொல்ல வேண்டும்? மோப்பம்தான்!”

யானைகள் போய்விட்டன. செவந்தி உடைந்த ஓட்டின் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அழுகை அடங்கியதும் ஒன்று உறைத்தது. காலையில் காற்று யானைகளின் முதுகுப் பக்கமிருந்துதான் அடித்தது. பாறையின் வாசனை அவர்களை எட்டியிருக்கவே முடியாது!

சுடலை வந்து சேர்ந்தான். விஷயத்தைக் கேட்டுக் கலங்கினான். “தற்செயலாக நடந்திருக்கும் செவந்தி” என்றான்.

“அப்படியா? பார்த்துவிடலாம்.”

மிச்சம் இருந்த மூன்று முட்டைகளின் மேல் உட்கார்ந்துகொண்டு, பெட்டியில் ஒரு வரி எழுதினாள். ‘முள்ளுப்பள்ளத்தில் மூங்கில் குருத்து விட்டிருக்கிறது.’ முள்ளுப்பள்ளத்தில் மூங்கிலே கிடையாது. இதைச் சுடலையிடம்கூடச் சொல்லவில்லை. அவனைச் சந்தேகித்தாள் என்றில்லை. சோதனை சுத்தமாக இருக்க வேண்டும் அல்லவா?

காலையில் பறந்துபோய்ப் பார்த்தாள். முள்ளுப்பள்ளத்தில் யானைக்கூட்டம் நின்றுகொண்டிருந்தது. காலில் குத்திய முள்ளோடு பெரியநாச்சி மைனாவைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

தன் சந்தேகம் மெய்யானதில் செவந்திக்குச் சந்தோஷம் வரவில்லை. இத்தனை நாளாக அதில் என்னவெல்லாம் எழுதினோம்!

மைனா இல்லாத நேரம் பார்த்து எல்லாரையும் குட்டைக்கரைக்கு அழைத்தாள். நடந்ததைச் சொன்னாள்.

கரடி தோளைக் குலுக்கியது. “கேட்டுக்கொண்டு போகட்டுமே! மறைப்பதற்கு என்னிடம் என்ன இருக்கிறது?”

“இந்த வருஷம் நீ குறித்து வைத்த பலாமரங்களில், போய்ச் சேரும்போது பழம் இருந்த மரம் எத்தனை?”

கரடி விரல்விட்டு எண்ணப் பார்த்தது. ஒரு விரலும் மடங்கவில்லை.

மான் தரையைப் பார்த்தபடி பேசியது. “எனக்கு ஏற்கெனவே லேசாகச் சந்தேகம் இருந்தது செவந்தி. ஆனால் எப்படி வெளியே வருவது? என் கூட்டம் முழுக்க அதற்குள்தான் இருக்கிறது. நான் மட்டும் வந்தால் யாரோடு பேசுவேன்?”

எல்லாருக்கும் அதே நிலைமைதான்.

“அதற்குத்தான் தோகை இருக்கிறதே!” என்று மயில் முன்னால் வந்தது.

“சரி, உன் பெட்டியைத் திறந்து காட்டு.”

மயிலின் தோகை மெல்ல மடங்கியது. “அது... தொழில் ரகசியம்.”

கட்டெறும்பு தன் பெட்டியை இழுத்து வந்து செவந்தியின் காலடியில் வைத்தது. பின்பக்கக் கதவு திறந்தே கிடந்தது.

“உன்னை நான் நம்பவில்லை” என்றாள் செவந்தி.

“நம்ப வேண்டாம் அக்கா. உள்ளே போய்ப் பாருங்கள்.”

அவள் போனாள். அலகால் ஒவ்வொரு வரியாகக் கிளறினாள். புரியாத இடத்தில் எறும்பைக் கூப்பிட்டுக் கேட்டாள். அது சொன்ன பதிலையும் நம்பாமல் வேறொரு எறும்பிடம் கேட்டாள். வெயில் சாய்ந்த நேரத்தில் தலையை வெளியே நீட்டினாள்.

“இங்கே ஒரு ஓட்டை இருக்கிறது! வெளியே இருந்து யார் வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கலாம்!”

எறும்பு துள்ளியது.

“அப்படியா! எங்கே? எங்கே? டேய், எல்லாரும் வாங்கடா! அக்கா ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டார்கள்!”

எறும்புகள் கூடின. எப்படி அடைப்பது என்று ஒரே கூச்சல். ஒரு வழியாக அடைத்தார்கள். செவந்தி மறுபடியும் உள்ளே போய்ப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. குறை சொன்னதற்காகச் சந்தோஷப்பட்ட ஒருவரை அன்றைக்குத்தான் அவள் முதல்முறையாகப் பார்த்தாள்.

“மாறுவதென்றால் எல்லாரும் ஒன்றாக மாற வேண்டும்” என்றாள். “ஒருத்தர் மட்டும் மாறினால் அவர் தனியாகிவிடுவார். எல்லாரும் மாறினால் யானைகள்தான் தனியாகும்.”

“குறித்து வைத்ததையெல்லாம் எடுத்து மாற்றுவதற்கு நாளாகும்” என்றது கட்டெறும்பு. “அதுவரை யானைகள் சும்மா இருக்குமா? குட்டையில் மிச்சம் இருக்கிற தண்ணீரையும் உறிஞ்சிவிட்டால்?”

“பெட்டியில் பொய் எழுதி அனுப்பிவிடுவோம்!” என்று கரடி குதித்தது. “வறண்ட பாலைக்கு! போய்ச் சாகட்டும்!”

செவந்தி தலையை அசைத்தாள். “வேண்டாம். அந்தக் கூட்டத்தில் குட்டிகள் இருக்கிறார்கள். நான் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவள். இன்னொருத்தி பறிகொடுப்பதற்கு நான் காரணமாக மாட்டேன்.”

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். “மலைக்கு அப்பால் பெரிய ஆறு இருக்கிறது. கோடையிலும் ஓடும். நம்மால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது. யானையால் முடியும்.”

அன்று காரைக்காட்டின் எல்லா யானைப் பெட்டிகளிலும் ஒரே பேச்சு. ‘மலைக்கு அப்பால் ஆறு நிறையத் தண்ணீர்! நாளைக்கே எல்லாரும் கிளம்புகிறோம்!’ மான் எழுதியது. முயல் எழுதியது. கரடி கொஞ்சம் மிகைப்படுத்தி, ஆற்றங்கரையில் கரும்பும் விளைந்திருப்பதாக எழுதியது.

விடிவதற்குள் யானைக்கூட்டம் கிளம்பிவிட்டது. மற்றவர்கள் வருவதற்கு முன்னால் போய்ச் சேர வேண்டும் என்று அப்படியொரு அவசரம். பெரியநாச்சியின் முதுகில் உட்கார்ந்து மைனாவும் போனது.

காட்டில் எல்லாரும் வேலையில் இறங்கினார்கள். சுலபமாக ஒன்றும் இருக்கவில்லை. வளையில் எழுதப் பழகுவதற்குள் மான் இரண்டு முறை அழுதது. முயலின் பழைய படங்கள் கொஞ்சம் தொலைந்தே போயின. “எனக்குக் களிறே இருக்கட்டும், விட்டுவிடுங்கள்!” என்று கரடி தினமும் கோபித்துக்கொண்டு போய்விட்டுத் திரும்பி வந்தது. ஆனாலும் குட்டைத் தண்ணீர் எல்லாருக்கும் போதுமானதாக இருந்தது. மலைக்கு அப்பால் இருந்த அக்காளும் மாறினாள். மூன்று முட்டைகளும் பொரிந்தன.

மழை பிடித்த பிறகு யானைகள் திரும்பின. வழியோரம் அவர்கள் கொடுத்த பெட்டிகள் வரிசையாக அடுக்கியிருந்தன. பெரியநாச்சி நின்று பார்த்தாள்.

“உங்களுக்கு என்ன குறை வைத்தேன்?” என்று கேட்டாள். “கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தேனே!”

“எங்கள் பெட்டியில் எழுதியது உங்கள் காதுக்கு எப்படி வந்தது?” என்றாள் செவந்தி. குஞ்சுகள் அவள் சிறகுக்கடியில் இருந்தன.

பெரியநாச்சி துதிக்கையால் ஒரு பெட்டியைப் புரட்டினாள். பிறகு, “பெரிய கூட்டம் தாயி. பெரிய வயிறு. நாங்களும் பிழைக்க வேண்டாமா?” என்றாள்.

“பிழையுங்கள். எங்களிடம் கேட்டுவிட்டுப் பிழையுங்கள்.”

யானைகள் மூங்கில் காட்டுப் பக்கம் போய்விட்டன. கொஞ்ச நாள் சத்தமே இல்லை.

புல் நன்றாக வளர்ந்திருந்த ஒரு காலையில் மைனா மறுபடியும் வந்தது. புத்தம்புதுப் பெட்டி ஒன்றைக் குட்டைக்கரையில் இறக்கிவிட்டு ஒரு கிளையில் உட்கார்ந்தது. “நாங்கள் மாறிவிட்டோம்! களிறு இப்போது திறந்த பெட்டி! பின்பக்கம் கதவு வைத்திருக்கிறோம், பாருங்கள்!”

எல்லாரும் கைதட்டினார்கள். கரடிக்கு முகமெல்லாம் சிரிப்பு. “சொன்னேன் அல்லவா? பெரிய இடம் பெரிய இடம்தான்!” என்று அதை எடுத்துக்கொள்ளப் போனது.

“கொஞ்சம் பொறு” என்றாள் செவந்தி.

அவள் பெட்டியைச் சுற்றி நடந்து வந்தாள். கதவு இருந்தது, உண்மைதான். இழுத்தவுடன் திறந்தது. தலையை உள்ளே விட்டாள். வெகுநேரம் கழித்து வெளியே எடுத்தாள்.

“என்ன இருக்கிறது?” என்று மான் கேட்டது.

“இன்னொரு பெட்டி” என்றாள் செவந்தி. “அது பூட்டியிருக்கிறது.”

எல்லாரும் மைனாவைத் திரும்பிப் பார்த்தார்கள். கிளையில் மைனா இல்லை.

எவ்வளவு பெரியவர் கொடுத்தாலும், உள்ளே நடப்பதைப் பார்க்க விடாத ஒன்றிடமும், வேண்டும்போது விட்டு வெளியேற முடியாத ஒன்றிடமும் நம் பிழைப்பை முழுவதுமாக ஒப்படைக்கக் கூடாது.