பலவேசம் சார் கேட்ட அதிகாரம்

எங்கள் ரத்த வங்கி மேலாளர் பலவேசத்துக்குத் தன் கையில் சாவியில்லாத பூட்டே இருக்கக் கூடாது. கொடையாளர் விவரங்கள் இருக்கும் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்ளும் ஜெனிட்டாவைக் கூப்பிட்டார்.

"எதை வேணா அழிக்கிற அதிகாரம் எனக்கும் வேணும். இல்லேன்னா உனக்கு இங்க வேலை கிடையாது."

"சரிங்க சார்."

மதியமே புது பாஸ்வேர்டு வந்தது. ஊரைவிட்டுப் போன ஒரே ஒரு கொடையாளரை நீக்கப் போனார் மனுஷர். யாரை என்று குறிப்பிடாமலே கட்டளையைத் தட்டிவிட்டார். அத்தனை கொடையாளர்களும் காணாமல் போனார்கள். அவர் ஜெனிட்டாவிடம் ஓடினார்.

"ஜெனிட்டா! வெளிய சொல்லிராதம்மா!"

"பயப்படாதீங்க சார். நீங்க அழிச்சது நகல். புதுசா அதிகாரம் வாங்குறவங்களை முதல்ல நகல்லதான் விடுவோம். இப்ப நிஜத்தைத் திறந்துவிடட்டுமா?"

"வேண்டாம் தாயி. எனக்குப் பட்டியலைப் பார்க்கிற அதிகாரம் மட்டும் போதும்."