ஆதிகுருவின் இடது பாதுகை

"நம் மடத்தில் ஏன் எல்லோரும் நொண்டுகிறோம், அம்மா?"

உமையாள் குருவிடம் கேட்டாள். அதுவும் சபை நடுவில் கேட்டாள்.

அது நொண்டல் இல்லை, ஆதிநடை என்று மூத்த சீடர் மாதவனார் திருத்தினார். மடத்தை நிறுவிய ஆதிகுருவின் மரப் பாதுகையில் இடது கட்டை வலதைவிட ஒரு விரற்கடை உயரம். அதே அளவில் செதுக்கியதைத்தான் இருநூறு வருடமாக இங்கே எல்லோரும் போடுகிறார்கள். இடது ஞானம், அதனால் உயர்வு; வலது உலகம், அதனால் தாழ்வு. இதற்கு உரைகூட உண்டு.

"உரை எழுதினவருக்கு இடுப்பு வலிக்கவே இல்லையா?"

யாரோ சிரித்துவிட்டு, அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

உமையாள் பதினெட்டு வருடம் நகரத்துச் செருப்புக் கடையில் நின்றுகொண்டே விற்றவள். பெண்கள் குதிகால் உயர்ந்த செருப்பு போட்டுத்தான் நிற்க வேண்டும் என்பது கடைச் சட்டம். அவளுடைய கட்டைவிரல் பக்கத்து விரலின் மேல் சாய்ந்து படுத்தது அங்கேதான். குதிரை வீரர்களுக்குச் சேணத்தில் தொங்கும் அங்கவடியில் கால் வழுக்காமலிருக்க வந்தது அந்தக் குதிகால். குதிரை போய் எத்தனையோ காலமாயிற்று, குதிகால் ஏன் போகவில்லை என்று முதலாளியிடம் சண்டை போட்டுவிட்டு மடத்துக்கு வந்தாள்.

வந்த இடத்தில் கட்டை.

ஆனால் இன்றைய கோபம் தனக்காக அல்ல. குரு ஞானாம்பிகை அவளைவிடப் பத்து வயது சின்னவர். குரு அவளை அக்கா என்பார். அவள் குருவை அம்மா என்பாள். மடத்தில் எல்லோருக்கும் அது வேடிக்கை. குருவுக்குச் சர்க்கரை நோய். வலது உள்ளங்காலில் ஆறாத புண். உயரக் கட்டை உடம்பைச் சாய்க்க, பாரமெல்லாம் அந்தக் காலில்தான் விழுகிறது. இந்தக் கட்டையோடு மலை ஏறினால் கால் மிஞ்சாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

குருபூஜைக்கு இன்னும் நான்கு நாள். அன்று பீடத்தில் இருப்பவர் பாதுகையோடு மலையின் நானூறு படி ஏற வேண்டும்.

மெத்தென்று வேறொன்று தைத்துத் தருகிறேன் என்று உமையாள் முன்பே மன்றாடிப் பார்த்திருந்தாள். ஆதிகுருவின் வழியை நான் எப்படி மாற்றுவது என்று குரு வருத்தத்தோடுதான் கேட்டார்.

இப்போது சபையில் அவர் அவளுக்கு ஒரு வேலை கொடுத்தார்.

"சன்னிதிப் பாதுகைக்கு எண்ணெய் பூசும் வேலை இந்த வருடம் உங்களுக்கு, அக்கா."

அவ்வளவுதான் பதில்.

சன்னிதியில் இருக்கும் ஆதிகுருவின் பாதுகைக்கு எண்ணெய் பூசுகிறவர்கள் மேல்புறம் மட்டும் பூசுவார்கள். பாதுகையைப் புரட்டுவது அபசாரம். இருநூறு வருடமாக ஒருவரும் புரட்டியதில்லை.

உமையாள் புரட்டினாள். வேண்டுமென்று அல்ல. செருப்பைக் கையில் எடுத்தால் அடியைப் பார்ப்பது அவள் கைக்குப் பழகிப்போன ஒன்று.

பார்த்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு இரண்டையும் மடியில் கட்டிக்கொண்டு, வாசலில் கிடந்த சீடர்களின் பாதுகைகளையும் அள்ளிக்கொண்டு, சபையில் குருவின் முன் வரிசையாகக் கவிழ்த்து வைத்தாள். மாதவனார் காதைப் பொத்திக்கொண்டார். கண்ணைப் பொத்தியிருக்க வேண்டும், பதற்றத்தில் மாறிப்போயிற்று.

"இதெல்லாம் நம்முடையது, அம்மா. எல்லோருக்கும் வலது கட்டையில் ஒரே ஓரம் கரைந்திருக்கிறது. சாய்ந்து நடக்கிறவர் செருப்பு இப்படித்தான் தேயும்."

"இது?" என்று குரு சன்னிதிப் பாதுகையைக் காட்டினார்.

"ஆதிகுருவுடையது. இரண்டும் சீராகத் தேய்ந்திருக்கின்றன." உமையாள் உயரக் கட்டையைத் தொட்டுக் காட்டினாள். "அவர் நொண்டவில்லை, அம்மா. அவருக்கு இடது கால் குட்டை."

மாதவனார் குனிந்து தம்முடைய இரண்டு கால்களையும், ஏதோ புதிதாக முளைத்தவை போல, மாறி மாறிப் பார்த்தார்.

குரு ஆதிகுருவின் இடது கட்டையை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

"இதை அவர் யார் காலுக்கு அளந்து செய்தார், அக்கா?"

"தன் காலுக்கு."

குரு தம் பாதுகைகளைக் கழற்றினார். புண்ணிருந்த காலை நீட்டி உமையாளின் மடியில் வைத்தார்.

"அவர் வழியிலேயே போகலாம். அளவெடுங்கள்."

உமையாள் ஓலை ஒன்றைப் பாதத்தின் அடியில் வைத்து, கரித்துண்டால் சுற்றிக் கோடு இழுத்தாள். புண்ணருகே வந்ததும் கை நின்றது.

"வலித்தால் சொல்லுங்கள், அம்மா."

"அந்தக் காலில் எனக்கு வலியே தெரியாமல் போய் மூன்று வருடமாயிற்று, அக்கா. வலிக்கிறது என்று நீங்கள்தான் சொல்லிக்கொண்டிருந்தீர்கள்."