ஆறு கட்டிய கூடு

மலையடிவாரத்தில், ஆறு வளைந்து போகும் இடத்தில் ஒரு காடு இருந்தது. பள்ளக்காடு என்று பெயர். சில வருடங்களாக அங்கே மழை முறை தவறிப் பெய்தது. ஒரு மாதத்து மழை ஒரே நாளில் கொட்டியது. போன வருடம் வெள்ளம் வந்து வளைகளில் இருந்த தீனியையெல்லாம் அடித்துக்கொண்டு போனது. முயலின் குட்டிகளில் இரண்டு பசியில் இறந்துபோயின.

மேலே மலைக்காட்டில் அந்த வருடம் மூங்கில் பூத்தது. மூங்கிலரிசி மலைபோல் குவிந்தது. மலைக்காட்டுத் தலைவரான யானைக்கு இளகிய மனசு. "பள்ளக்காட்டாருக்கு ஒரு களஞ்சியம் கட்டி, அரிசியால் நிரப்பிக் கொடுப்போம்" என்றது. அதற்குத் துணையாகக் குரங்கு கிளம்பியது. குரங்கின் கையில் அளவுகோல் கிடைத்தால் கேட்கவா வேண்டும்? நடந்த வழியெல்லாம் அளந்துகொண்டே வந்தது.

மலைக்காட்டார் எப்போதும் கோடையில்தான் கீழே வருவார்கள். அப்போதுதான் வழி காய்ந்து, நடக்க வசதியாக இருக்கும்.

"ஆற்றோரம் சமமான இடம், தண்ணீரும் பக்கம். இங்கேயே கட்டலாம்" என்றது குரங்கு. "இதே மாதிரி ஒன்பது காடுகளில் கட்டியாகிவிட்டது."

"எல்லோருக்கும் சம்மதம்தானே?" என்று யானை கூடியிருந்த பள்ளக்காட்டாரைக் கேட்டது.

எல்லாத் தலைகளும் ஆடின. முயலின் தலையும் ஆடியது. உடும்பின் தலை மட்டும் ஆடவில்லை. பிடித்த பிடியை விடாத பிராணி அது.

யானை அந்தப் பக்கம் போனதும் உடும்பு முயலிடம் கேட்டது. "போன வருடம் அந்த இடத்தில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று உனக்குத் தெரியாதா? ஏன் தலையாட்டினாய்?"

"மெதுவாகப் பேசுங்கள் அண்ணே" என்றது முயல். "கொடுக்க வந்தவர்களிடம் குறை சொன்னால், கோபித்துக்கொண்டு வேறு காட்டுக்குப் போய்விடுவார்கள். எனக்கு மறுபடி குட்டி பிறக்கப் போகிறது. வருகிற அரிசியை விட்டுவிட்டு நான் என்ன செய்வேன்?"

"அரிசி வரும். நம் வாய்க்கு வருமா, ஆற்றோடு போகுமா என்பதுதான் கேள்வி."

முயலுக்கு அழுகை வந்தது. "குறை மட்டும் சொல்லிவிடாதீர்கள்" என்று கெஞ்சியது. "சரி, சொல்லமாட்டேன்" என்றது உடும்பு.

மறுநாள் அஸ்திவாரத்துக்குக் கல் இறக்கினார்கள். உடும்பு யானையிடம் போய் வணங்கியது. "யானையாரே, ஒரு சின்ன உதவி. அதோ, கல் இறக்கிய இடத்தருகே நிற்கும் மருதமரத்து மேல்கிளையில் ஒரு கூடு இருக்கிறது. எடுத்துத் தரமுடியுமா?"

"இவ்வளவுதானா?" என்று யானை தும்பிக்கையை நீட்டியது. எட்டவில்லை. கல்லின்மேல் ஏறி நின்று நீட்டியது. அப்போதும் எட்டவில்லை. கடைசியில் குரங்கு ஏறி எடுத்து வந்தது.

யானை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. காய்ந்த நாணல், சேறு, உள்ளே ஒரு மீன் முள், இரண்டு நத்தை ஓடுகள்.

"இது எந்தப் பறவையின் கூடு?"

"பறவை கட்டவில்லை. போன ஐப்பசியில் ஆறு கட்டியது" என்றது உடும்பு.

யானை நிமிர்ந்து அந்தக் கிளையைப் பார்த்தது. பிறகு குனிந்து அஸ்திவாரக் கல்லைப் பார்த்தது. "குரங்கே, நம் களஞ்சியத்தின் கூரை எவ்வளவு உயரம்?" என்று கேட்டது.

குரங்கு தலையைச் சொறிந்தது. "உங்கள் தோள் அளவு."

யானை முயலின் பக்கம் திரும்பியது. "அம்மா, நான் கேட்டபோது நீ ஏன் சொல்லவில்லை?"

"சொன்னால் போய்விடுவீர்களோ என்று பயம், ஐயா."

யானைக்கு வெட்கமாகிவிட்டது. "தப்பு என்னுடையது. தலையாட்டினால் போதும் என்பது போலத்தான் நானும் கேட்டேன். களஞ்சியத்தை ஆற்றோரம் வேண்டாம், மேட்டில் கட்டுவோம்" என்றது.

குரங்குக்கு மனம் ஆறவில்லை. "மேடு தூரமாயிற்றே. திறப்பு விழாவுக்கு நாள்கூடக் குறித்தாகிவிட்டதே" என்று முணுமுணுத்தது.

"விழாவைத் தள்ளி வைக்கலாம். மூங்கில் மறுபடி பூக்க நாற்பது வருடம் ஆகும். இந்த அரிசியை நனையவிட முடியாது" என்றது யானை.

அன்று முதல் வேலை வேறு மாதிரி நடந்தது. பெருச்சாளி மேட்டில் பல இடங்களைத் தோண்டிப் பார்த்து, ஈரம் ஏறாத இடத்தைக் காட்டியது. மழைக்காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கும் என்று கொக்கு சொன்னது; வாசலை அதற்கு எதிர்ப்பக்கம் வைத்தார்கள். உயரமான மரக்கால்களின் மேல் களஞ்சியம் நின்றது. முன்பு போட்ட திட்டத்தைவிடச் சிறியதுதான். மீதி அரிசியை ஒவ்வொருவரும் மேட்டு வளைகளில் பிரித்து வைத்துக்கொண்டார்கள்.

ஐப்பசி வந்தது. ஒன்பது நாள் விடாமல் மழை. குரங்கு முதலில் அளந்த இடத்தில் தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடியது. மேடு மட்டும் தீவு போல நின்றது. பள்ளக்காடு முழுவதும் அங்கேதான் இருந்தது.

பத்தாம் நாள் சேற்றிலும் தண்ணீரிலும் யானை நடந்து வந்தது. மழைக்காலத்தில் மலைக்காட்டார் கீழே இறங்கியது அதுதான் முதல் தடவை. குரங்கு அதன் தலையில் உட்கார்ந்திருந்தது.

"எப்படி இருக்கிறாய் அம்மா?" என்று யானை முயலைக் கேட்டது.

"ஐந்து குட்டிகள், ஐயா. ஐந்தும் வயிறு நிறையத் தின்றுவிட்டுத் தூங்குகின்றன."

குரங்கு தண்ணீரையும் தூங்கும் குட்டிகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது.

அடுத்த கோடையில் அவர்கள் வேறொரு காட்டுக்குக் கட்டிக்கொடுக்கப் போனார்கள். அங்கே குரங்கு அளவுகோலை ஓரமாக வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தது. "கட்டுவது அப்புறம் இருக்கட்டும். இங்கே மழைக்காலத்தில் தண்ணீர் எதுவரைக்கும் வரும்? அதை முதலில் சொல்லுங்கள்" என்றது.

நீதி: உதவி செய்யப் போகிறவர், அங்கே வரக்கூடிய ஆபத்தை அங்கே வாழ்கிறவரிடம் முதலில் கேட்டறிய வேண்டும்; கேட்கப்படுகிறவர் பயப்படாமல் உண்மையைச் சொல்ல வேண்டும்.