மூன்றாம் சாவி

அரசு மருத்துவமனையில் நோயாளிகளுக்குத் துணையிருப்பவர்களுக்குக் கஞ்சி ஊற்றும் சிறிய மடம் அது. அதன் குரு நாச்சியாரம்மை. சீடர் குற்றாலநாதன் வங்கியில் ஓய்வு பெற்றவர், குருவைவிட இருபது வயது மூத்தவர். ஞானத்துக்கு அவசரமில்லை என்று இருந்துவிட்டார்.

வெளிநாட்டு அன்பர்கள் மடத்துக்கு பிட்காயினாக நன்கொடை அனுப்பியிருந்தார்கள். அதைத் திறக்கப் பன்னிரண்டு ஆங்கிலச் சொற்கள். தெரிந்தவர் எடுத்துக்கொள்ளலாம், மறந்தவர் எந்த வாசலிலும் போய் முறையிட முடியாது. குற்றாலநாதன் அவற்றை வெண்பாவாகக் கட்டி மனப்பாடம் செய்தார். காகிதத்தை அடுப்பில் போட்டார். சொற்களின் வரிசையை மாற்றக் கூடாது என்பதால் இரண்டு இடங்களில் தளை தட்டியது. திருடன் யாப்பிலக்கணம் பார்க்கப் போவதில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

மறுநாள் அவருக்கு இதய அறுவை சிகிச்சை.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த குருவின் எதிரே போய் உட்கார்ந்தார்.

"அம்மா, நாளைக்கு மயக்க மருந்து கொடுப்பாங்க. நான் முழிக்காமப் போனா கஞ்சிப் பணமும் என்கூடவே போயிரும். யார்கிட்டச் சொல்லி வைக்க?"

"சமையல் இசக்கியம்மாகிட்ட?"

"மத்தியானத்துக்குள்ள பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தெரிஞ்சிரும்."

"டிரைவர் மைதீன்?"

"பத்திரமா வைப்பான். எங்க வச்சேன்னு என்கிட்டதான் வந்து கேப்பான்."

"அப்ப நான்?"

குற்றாலநாதன் கீரையைப் பார்த்தார். "அழுதவங்களுக்கெல்லாம் நீங்க தூக்கிக் கொடுத்துருவீங்க."

"கொடுத்துருவேன்" என்ற குரு, பாதிக் கீரையை அவர் பக்கம் தள்ளினார். அவரும் ஆயத் தொடங்கினார்.

"ஐயா, பேங்க்ல பெட்டக அறையைத் தனியாத் திறந்திருக்கீங்களா?"

"ஒருநாளும் இல்ல. ரெண்டு சாவி. ஒண்ணு என்கிட்ட, இன்னொண்ணு கேஷியர் பொன்னுலிங்கத்துகிட்ட."

"அவரை நம்பலையா?"

"தங்கமான மனுஷன்மா. ஒருதரம் அவனுக்குக் கடுங்காய்ச்சல். போர்வையோட ஆட்டோவுல கூட்டிட்டு வந்தேன். சாவி துவாரத்துல நிக்கல, கை அந்த ஆட்டம் ஆடுது. மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டேன். அப்புறம்தான் திறந்தது."

சொல்லிவிட்டு ஒரு தண்டையே வெகுநேரம் ஆய்ந்தார்.

"இந்தப் பணத்துக்கு அப்படிப் பூட்டு கிடையாதா?"

"இருக்கு. மூணு சாவி, ஒவ்வொண்ணுக்கும் தனித்தனிச் சொற்கள். எந்த ரெண்டு சேர்ந்தாலும் திறக்கும்."

"அப்ப ஒண்ணு இசக்கிக்கு. அவ ஊரெல்லாம் சொன்னாலும் ஒத்தைச் சாவியில திறக்காது. ஒண்ணு எனக்கு. யார் அழுதாலும் நான் இசக்கியைக் கேக்கணும். மூணாவது உங்களுக்கு."

மாலைக்குள் பணம் புதுப் பூட்டுக்கு மாறியது. இசக்கியம்மாளும் குருவும் தங்கள் சாவிகளைச் சேர்த்துத் திறந்து பார்த்தார்கள். திறந்தது. வெண்பா வீணாயிற்று.

தன் பங்குச் சொற்களை எழுதி உறையில் போட்டு ஒட்டும்போது குற்றாலநாதனின் கை நடுங்கியது. குரு அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ஒட்டி முடிந்ததும் உறையைப் பத்திரமாக வைக்கச் சொல்லி மைதீனிடம் கொடுத்தார்.

"நான் இல்லாமலே திறக்குதே அம்மா. எனக்கு எதுக்கு மூணாவது?"

"அதை மைதீன்கிட்டதானே கொடுத்திருக்கேன்" என்றார் குரு. "எங்க வச்சேன்னு உங்ககிட்டதான் வந்து கேப்பான். பதில் சொல்ல நீங்க இருக்க வேண்டாமா?"