பாவாயி ஏறி வரவில்லை

"இந்தப் போனை என்னால கீழ வைக்க முடியலைங்கம்மா. கண்ணெல்லாம் எரியுது, மனசும் அலுத்துப் போச்சு. இதுலருந்து எனக்கொரு விடுதலை வேணும்."

நல்லப்பன் இதைச் சொன்னபோதும் போன் அவர் கையில்தான் இருந்தது.

நாமக்கல்லில் லாரி ஓட்டியே காலம் தள்ளியவர். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. குன்றின் மேலிருந்த அந்தச் சின்ன மடத்துக்குப் படியேறி வந்த மூச்சிரைப்பு இன்னும் அடங்கவில்லை.

மடத்தைப் பார்த்துக்கொள்ளும் மரகதத்தம்மா அவரைவிட இளையவர். பேச்சு குறைவு. வந்தவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

"முதல்ல எதுக்கு வாங்கினீங்க?"

மனைவி பாவாயியின் குரலைக் கேட்கத்தான் என்றார். குஜராத், ஒரிசா என்று போன இடத்திலெல்லாம் வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் பேசுவாராம். பேச விஷயம் ஒன்றும் இருக்காது. ஆனாலும் வைக்க மனசு வராது.

பிறகு லோடு பிடிக்க அதுவே வேண்டியதாயிற்று. அப்புறம் பேரன் படம் பார்க்க. லாரியை விட்டபின் செய்தி, வீடியோ, யாரோ யாருடனோ போடும் சண்டை.

"இப்ப எதுக்கு?"

நல்லப்பன் தரையைப் பார்த்தார்.

"இப்ப ஒண்ணுக்கும் இல்லைங்கம்மா. சும்மா உக்காந்தா வீட்டுல ஏதாவது பேச வேண்டியிருக்கும். அதுக்குத்தான் போல."

"அவங்க எங்க?"

"கூடத்தான் வந்தா. அடிவாரத்துல இருக்கா."

"ஏன் மேல வரலை?"

தெரியாது என்றார். கேட்கவில்லை என்றும் சொன்னார்.

மரகதத்தம்மா கையை நீட்டினார். நல்லப்பன் ஒன்றும் புரியாமல் போனைக் கொடுத்தார். அதை மடியில் வைத்துக்கொண்டு அவர் சொன்னார்:

"கேட்டுட்டு வாங்க."

இறங்கும் வழியில் இரண்டு மூன்று தடவை சட்டைப்பையைத் தடவிப் பார்த்துக்கொண்டார் நல்லப்பன். வெறுங்கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை.

அடிவாரத்தில் வேப்பமர நிழலில் பாவாயி தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அவள் நிமிரவில்லை. எப்படித் தொடங்குவது என்று அவருக்குப் பிடிபடவில்லை. கட்டிய மனைவியிடம் பேச இவ்வளவு யோசிக்க வேண்டியிருந்தது அவருக்கே ஒரு மாதிரியாக இருந்தது.

"நீ ஏன் மேல வரலை?"

"முட்டி வலிங்க. படி ஏற முடியறதில்லை. ரெண்டு வருசமாச்சு."

"எங்கிட்ட நீ சொல்லவே இல்லையே, பாவாயி."

அவள் குரலில் கோபம் எதுவும் இல்லை.

"அப்பவே உங்க போனுக்கு அனுப்பிவிட்டனுங்களே."